“கொல்லப்பட்டார்கள்” என்று சொல்லுங்கள்

“படுங்கோ, எல்லாரும் படுங்கோ!”

வெளியே யாரோ கத்துகிறார். தூரத்தில் ஷெல் ஏவும் குத்துச் சத்தம். பிறகு கூவல். பிறகு வெடி. குத்துக்கும் வெடிக்கும் இடையில் மூச்சை அடக்கப் பழகிவிட்டோம். நாங்கள் ஒளிந்திருக்கும் பங்கர் ஆடுகிறது. சீலையில் தைத்த மண்மூட்டை கிழிந்து என் கழுத்துக்குள் மணல் இறங்குகிறது.

முள்ளிவாய்க்கால். 2009 மே. காலை. தேதி யாருக்கும் தெரியாது. ஞாயிறு என்று சொல்லி அம்மா ஜெபம் தொடங்கியிருந்தா.

உள்ளே நான், அம்மா, தம்பி நேசன், அவன் மனைவி சாந்தி, அவர்களின் சின்ன மகள் மெர்சி. என் கணவர் டென்மார்க்கில். விசாவுக்குக் காத்திருந்த நேரத்தில் யுத்தத்தால் பாதை மூடியது. அப்படித்தான் நானும் அங்கே மாட்டினேன்.

அடுத்த பங்கரில் பார்வதி அக்கா. முந்தினநாள் தண்ணீர் வரிசையில் எங்களோடு சண்டை பிடித்தவ. இப்போது அவ கத்துகிறா. கால் போய்விட்டது, யாராவது வாருங்கள் என்கிறா.

நேசன் எழும்புகிறான். அம்மா அவன் சேர்ட்டைப் பிடிக்கிறா. மெர்சியைப் பார்க்கிறான். திரும்பவும் நிலத்தில் இருக்கிறான். அதை நான் கண்டேன். அவன் இருந்தான். இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பார்வதி அக்கா திரும்பவும் கத்தினா.

“விடுங்கோ அம்மா. கேட்டுக்கொண்டு இருக்கேலாது.”

போனான்.

ஒரு வெடி. அவன் போன பக்கம். சாந்தி எழும்பப் பார்த்தாள். பிள்ளையைப் பிடி, நான் பார்க்கிறேன் என்று சொன்னேன். ஊர்ந்து வெளியே வந்தேன். புகை. பாதி வழியில் அடுத்த கூவல். முகத்தை மணலில் புதைத்தேன். வெடி எனக்குப் பின்னால் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் பங்கர் இல்லை.

நேசன் பார்வதி அக்காவுக்கு மேலே குப்புறக் கிடந்தான். அவனுக்கு உயிர் இல்லை. அவனுக்குக் கீழே அவ உயிரோடு இருந்தா.

அவ இன்றும் இருக்கிறா. கிளிநொச்சியில், ஒற்றைக் காலோடு, ஒரு பெட்டிக்கடை.

அகதி முகாமுக்குப் பிறகு டென்மார்க்கில் ஹோர்சன்ஸ் நகருக்குக் கணவரிடம் வந்தேன். பனிக்காலம். கணவர் வேலை செய்த பொதி கட்டும் தொழிற்சாலையில் எனக்கும் வேலை கிடைத்தது. ஞாயிறு மத்தியானம் டெனிஷ்காரரின் தேவாலய மண்டபத்தில் எங்கள் தமிழ்ச் சபை கூடும். பாஸ்டர் நல்ல மனிதர். என் விசாவுக்காக கம்யூன் என்கிற நகரசபைக்கும் வக்கீலிடமும் அலைந்தவர். அவர்தான் நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஆராதனையில் சாட்சி சொல்லக் கேட்டார். தேவன் ஒரு நோக்கத்தோடு உங்களை மட்டும் வெளியே எடுத்தார், மற்றவர்களைத் தம் சித்தப்படி எடுத்துக்கொண்டார், அதைச் சொல்லுங்கள் என்றார்.

ஓம் என்றேன். மேடையில் ஏறினேன். நடந்ததைச் சொன்னேன். தேவன் எடுத்துக்கொண்டார் என்று சொல்லும் இடம் வந்தது. வாய் வரவில்லை. மண்டபம் காத்திருந்தது. பாஸ்டர் உதவி செய்வதுபோல எழும்பி, எல்லாம் தேவ சித்தம் என்று எனக்காகச் சொல்லி முடித்தார்.

“இல்லை, பாஸ்டர்,” என்றேன். “அது தேவ சித்தமெண்டால் ஷெல் அடிச்சவன்ரை கை சுத்தம்.”

என் கணவர் குனிந்துகொண்டார்.

தேவன் எல்லாவற்றையும் முன்னமே அறிந்தவர் அல்லவா என்று பாஸ்டர் மெதுவாகக் கேட்டார். அறிந்தவர்தான் என்றேன். ஷெல் அடிப்பவன் அடிப்பான் என்றும், நேசன் போவான் என்றும் அவருக்குத் தெரியும். தெரிந்திருப்பது வேறு. செய்வது வேறு. அடித்தவன் அடிக்காமல் விட்டிருக்கலாம். நேசன் போகாமல் விட்டிருக்கலாம். இருந்துவிட்டு எழும்பினான், நான் கண்டேன்.

“என்னை ஒருத்தரும் வெளியிலை தூக்கி எடுக்கேல்லை. தம்பியைத் தேடி நான்தான் போனனான். அவன் போனது அவன்ரை முடிவு. அதை நான் கடவுளுக்கும் குடுக்க மாட்டன்.”

முன்வரிசையில் ஒரு குடும்பம் எழும்பிப் போனது. அப்படியென்றால் இன்றைக்கு எதற்காக நன்றி சொல்லப்போகிறீர்கள் என்று பாஸ்டர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

மாட்டேன் என்று சொல்லக்கூடிய மனிதனாக நேசனைப் படைத்ததற்கு என்றேன். பொம்மையாகப் படைத்திருந்தால் அவன் போனதில் என்ன அன்பு இருக்கிறது? அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தவருக்கு நன்றி. அதே சுதந்திரத்தால் கொன்றவன் அவருக்கு முன்னால் ஒருநாள் பதில் சொல்லட்டும். அதற்காகத்தான் இன்னும் விசுவாசிக்கிறேன். இறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் கணவர் யன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக் கதவைத் திறக்கும்போது, நேசன் முதலில் திரும்பவும் இருந்துவிட்டதை ஏன் இவ்வளவு நாளும் தனக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். அன்றுதான் அவர் அழுதார்.

செவ்வாய்க்கிழமை பாஸ்டர் வந்தார். தேத்தண்ணி குடித்தார். நான் சொன்னதைத் தன்னால் முழுக்க ஏற்க முடியவில்லை என்றார். தேவன் கையை விட்டுப் போகும் காரியம் ஒன்று இருக்கிறதென்றால் தனக்குப் பயம் என்றார். எனக்கும் பயம்தான் என்றேன். ஆனால் அந்தப் பயத்துக்காகப் பொய் சொல்ல மாட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். வாற ஞாயிறு என் ஆட்களின் பெயர்களைச் சொல்லி ஜெபிக்கலாமா என்று கேட்டார்.

“சொல்லுங்கோ. ஆனால் தேவன் எடுத்துக்கொண்டார் எண்டு சொல்லக்கூடாது. கொல்லப்பட்டார்கள் எண்டு சொல்லுங்கோ.”

போகும்போது பாஸ்டர் வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, சரி என்றார்.

சொன்னார். அந்த ஞாயிறு பெயர்களை வாசித்து, அந்தச் சொல்லையே சொன்னார். மண்டபத்தில் ஒருவர் எழும்பித் தன் மகனின் பெயரைச் சொன்னார். பிறகு இன்னொருவர். ஆராதனை முடியப் பிந்திவிட்டது. டெனிஷ்காரர் ஒருவர் மண்டபத்தைப் பூட்ட வந்து, கதவடியில் நின்று, தொப்பியைக் கழற்றினார்.

மறக்கக்கூடாதவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

என் அம்மா. ஜெபத்தின் நடுவில். சாந்தி. வயிற்றில் இன்னொரு பிள்ளை. மெர்சி. அப்போதுதான் முழுப் பெயரையும் எழுதப் பழகியிருந்தாள். நேசன். வீடு. வேதாகமம், அம்மாவின் கண்ணாடி, கல்யாணப் படம். ஒன்றையும் எடுக்கவில்லை. ஒருவரையும் புதைக்கவில்லை.

ஷெல் அடித்தவனுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அது இன்னும் எனக்குத் தெரியாது. தெரியும்வரைக்கும் இந்தக் கணக்கை நான் முடிக்க மாட்டேன்.