பூட்டி வைத்த யூரியா

கண்ணுகளா, நாமக்கல் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்த ஒரு அம்மா தன் வீட்டுக்காரரிடம் கேட்டது இது:

"யூரியா மூட்டையைப் பூட்டி வெச்சதுக்கு என்னைப் பைத்தியம்னீங்களே?"

"மக்காச்சோளம் முழங்கால் உசரம் வந்தப்பவே பூராத்தையும் போட்டிருப்பேன், புள்ள."

"அதனாலதான் பாதியைப் பூ எடுக்கற வரைக்கும் நிறுத்தி வெச்சேனுங்க. போன வருசம் கதிர் நுனியில மணியே இல்லைன்னு கோழித்தீவன மில்லுக்காரரு திருப்பி அனுப்புனாரே, மறந்துட்டீங்களா?"

அவர் மனைவியின் மடியில் இருந்த கதிரை வாங்கினார். நுனி வரை மணி பிடித்திருந்தது. டிக்கெட் போட வந்த கண்டக்டரிடம் நீட்டினார்.

"பாருங்க, எங்க ஊட்டுக்காரி வெளைய வெச்சதுங்க. மில்லுல காட்டக் கொண்டு போறோம்."

"இத்தனை பெருசுக்கு அரை டிக்கெட் எடுக்கோணுமுங்க" என்றார் கண்டக்டர்.

அன்று வீடு வந்ததும், யாருக்கும் தெரியாமல், நம் உரம் வைக்கும் அறைச் சாவியை உங்கம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குள் வைத்தேன்.