அப்பா கதவுவரை நடந்து காட்டிய நாள்

என் பெயர் அன்ரனெற் அமிர்தநாதர், வயது நாற்பத்தொன்பது, ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் லோறன்ஸ் அவெனியூவிலுள்ள அடுக்குமாடியில் வசிக்கிறேன். கல்லூரியொன்றில் நூலகராக வேலை செய்கிறேன். பெப்ரவரியில் இறந்த அமிர்தநாதர் என் அப்பா. எனக்கு ஆங்கிலம் தெரியும். அப்பாவின் வார்த்தைகள் மாறிவிடக் கூடாது என்பதால் மரண விசாரணை அதிகாரியிடம் தமிழில் சொல்கிறேன்.

அப்பா மன்னாரில் பாடசாலை அதிபராக இருந்தவர்; இங்கே என்னோடு வசித்தார். சென்ற கோடையில் பக்கவாதம் வந்தபின் இடக்காலை இழுத்தே நடந்தார். அரசாங்கச் செலவில் துர்க்கா என்ற பராமரிப்பாளர் தினமும் காலையில் வந்து, அவரைக் குளிக்க வார்த்து உடை மாற்றிவிடுவார்.

ஒக்ரோபரில், உதவி எவ்வளவு தேவை என்று பார்க்கத் தாதி ஒருவர் வருவதாகத் தொலைபேசியில் அறிவித்தார்கள். அன்று காலை அப்பா துர்க்காவைக் கொண்டு சவரம் செய்வித்து, பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைக் கேட்டு வாங்கி அணிந்துகொண்டார். "என்ன சேர், பொம்பிளை பாக்கவோ வெளிக்கிடுறியள்?" என்று துர்க்கா கேட்டார். "இன்ஸ்பெக்டரல்லோ வாறார், பிள்ளை" என்றார் அப்பா.

அதன்பின் துர்க்கா போய், தாதி வந்து மணியடித்ததும், அப்பா ஊன்றுகோலை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்தபடி கதவுவரை நடந்து போய்க் கைகொடுத்தார். தனியே குளிப்பீர்களா என்று கேட்டதற்கு, "நோ புறொப்ளம்" என்றார். அவரால் முடியாது என்று நான் சொன்னேன். அவரே சொல்லட்டும் என்றார் தாதி, அது முறைதான். அப்பா மறுபடியும் அதையே சொன்னார். நன்றாகத் தேறியிருக்கிறார் என்று தாதி போகும்போது என்னைப் பாராட்டினார்.

தாதி போனபின், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன். "பின்னை? நான் ஏலாமக் கிடந்தா, அந்தப் பிள்ளை வடிவா வேலை செய்யேல்லை எண்டெல்லோ எழுதுவினம்" என்றார். பாடசாலைக்கு இன்ஸ்பெக்டர் வந்து ஆசிரியர்களைப் பார்ப்பதுபோல, தாதி பரிசோதிக்க வந்தது துர்க்காவின் வேலையை என்றே அவர் நினைத்திருந்தார். நான் விளக்கியதும், சட்டைக் கையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப திருப்பிக் கூப்பிடு" என்றார்.

கூப்பிட்டேன். மறுபடி பார்க்க ஆள் வரும், காத்திருங்கள் என்றார்கள். யாரும் வரவில்லை. துர்க்காவின் வருகை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்தது. மற்ற நாட்களில் நான் குளிக்க வார்க்கப் போனால், மகளுக்கு முன்னால் உடுப்பைக் களைய அப்பா சம்மதிக்கவில்லை.

பெப்ரவரியில், துர்க்கா வராத நாளொன்றில், நான் வேலைக்குப் போனபின் அவர் தனியே குளிக்கப் போயிருக்கிறார். தொலைபேசியை எடுக்காததால் நான் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது குளியலறைத் தரையில் கிடந்தார். அம்புலன்ஸ்காரர் உள்ளே வரவும், "பிள்ளை, சட்டை. ஆக்கள் வந்திட்டினம்" என்றார். துவாயால் போர்த்திவிட்டேன். வலிக்கிறதா என்று அவர்கள் கேட்டதற்கு, "நோ புறொப்ளம்" என்றார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அந்த வாரமே ஆஸ்பத்திரியில் இறந்தார்.

துர்க்காவின் வேலையில் எந்தக் குறையும் இருக்கவில்லை. அப்பா சொல்ல விரும்பியது அதுதான். அதையும் பதிவு செய்யும்படி கேட்கிறேன்.

இவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நான் அறிந்தவரை அனைத்தும் உண்மை, திருத்த ஏதுமில்லை.

(ஒப்பம்) அ. அன்ரனெற்