குணவதி வகுப்புக்கு வராத காரணம்

"ஹலோ… குணவதியா? நான்தாம்மா, டீச்சர். … எந்த டீச்சரா? சண்முகவள்ளி டீச்சர்லா."

புக்கிட் செலம்பாவ் ஊரில் இப்படி ஒரு கேள்வி போன வருஷம்வரை கிடையாது. தொழிற்சாலைக்குப் போகும் பெண்களுக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொடுக்க சண்முகவள்ளியை விட்டால் ஆள் ஏது? அப்புறம்தான் கோயில் தெருவில் ரூபினி என்ற சின்னப் பெண் ஒரு வகுப்பைத் திறந்தாள். சண்முகவள்ளி வீட்டு நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசி நாற்காலி குணவதியுடையது.

"காய்ச்சலோன்னு பயந்துட்டேன். … இல்லியா. … ம்ம். … ம்ம். … அங்கயா போற?"

குணவதி எதையும் மறைக்கவில்லை. கொஞ்சம் மறைத்திருக்கலாம்.

"சேச்சே, எனக்கென்னம்மா கோவம். அந்தப் புள்ள அப்படி என்னதான் சொல்லித் தருது? … மருந்து டப்பாவா? … பாசார் கடைல குடுக்கிற விளம்பரத் தாளா? அதையெல்லாமா உக்காந்து வாசிக்கிறீங்க? எங்கிட்ட புத்தகம் இருக்குலா."

புத்தகம் இருந்தது உண்மை. அதில் ஒவ்வோர் ஆங்கில வரிக்கு மேலும் அதன் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில், பென்சிலால், முத்து முத்தாக எழுதித் தருவாள் சண்முகவள்ளி. பெண்கள் திக்காமல் திணறாமல் படிப்பார்கள். வழியில் போகிறவர்கள் நின்று கேட்டு மூக்கில் விரல் வைப்பார்கள்.

கம்பெனியில் குணவதியை லைன் லீடர் என்ற மேற்பார்வை வேலைக்குக் கூப்பிட்டு, இயந்திரத்தைப் பற்றிய தாள் ஒன்றை நீட்டி வாசிக்கச் சொன்னார்களாம். அவள் கண் பழக்கத்தில் வரிக்கு மேலே போயிருக்கிறது. அங்கே ஒன்றுமில்லை. வாயடைத்து நின்றுவிட்டுத் திரும்பியவளை, முதல் வேலையாகப் புத்தகத்திலுள்ள தமிழையெல்லாம் அழிக்கச் சொன்னாளாம் ரூபினி.

"அழிச்சிட்டாளா? … நீயேவா அழிச்ச? … என் கையெழுத்த?"

பிறகு ரூபினியின் கே.எல். பட்டணத்துப் பேச்சு, நகச்சாயம், வெட்டிவிட்ட முடி எல்லாம் சண்முகவள்ளியின் வாயில் வரிசையாக வந்தன. அதிலும் ஆறாமல், வீட்டிலிருந்தே ஒரு சாட்சியை இழுத்தாள்.

"என் மருமக ஷாமளாவ கேளு. எங்கிட்டதான் படிச்சா. இங்கிலீஷ தண்ணியா வாசிப்பா. … ஹலோ? … ஏன் சத்தத்தக் காணோம்? … எந்த ஷாமளா? … எங்க ஷாமளாவா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவார வகுப்பென்று மோட்டார் சைக்கிளை எடுக்கிற மருமகள், கோயில் வாசலைத் தாண்டி ரூபினி வீட்டில் போய் நிற்கிறாள். அங்கே முதலில் சேர்ந்தது அவள்தான். குணவதியைக் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான். ஊருக்கே தெரியும், மாமியார் காதுக்கு மட்டும் போகக் கூடாதென்று எல்லாரும் சேர்ந்து பொத்தி வைத்திருந்தார்கள். தான் சொன்னதாகச் சொல்லிவிட வேண்டாமென்று இப்போது குணவதி கெஞ்சினாள்.

"சொல்ல மாட்டேன்லா. … ஆமா, ஆமா. … சாமி சத்தியமா. … இரு, வச்சிடாத."

சண்முகவள்ளி குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க ஷாமளா, மேல எழுதாம குடுத்தாலும் வாசிக்கிறாளா? … எதக் குடுத்தாலுமா? … ஓ. … அர்த்தமும் சொல்றாளா? … ஓ."

அந்தப் பக்கம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனது.

"குணவதி… என்னைவிடவா?"

பதில் வருமுன் இணைப்பைத் துண்டித்தது சண்முகவள்ளிதான்.