இஷ்தியாக் பாய்க்கு ஓர் ஊசி

தராசு முள்ளாய் நடுவில் வீற்றிருக்கும் நடுவர் அமிர்தவள்ளி அம்மையார் அவர்களே! என் வாதத்தை வறுத்தெடுக்கக் காத்திருக்கும் எதிரணிச் சான்றோர்களே! ஷிப்ட் முடிந்த கையோடு சோர்வையும் சுமந்து வந்திருக்கும் ஆம்பூர்த் தொழிலாளத் தோழர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் ஏந்தியிருக்கும் தாய்மார்களே! ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டும் ஹேமலதாவின் பணிவான வணக்கம்.

நிமோனியா தடுப்பூசி முதியோருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் பயன் தருமா, தராதா? இதுதான் இன்றைய வழக்கு. 'தராது' என்று முழங்கினார் எதிரணித் தலைவர் இஷ்தியாக் பாய். சாட்சிக்கு யாரை அழைத்தார்? முன்வரிசையில் இருக்கும் என் அப்பா கன்னியப்பனை! "ஊசி போட்டும் படுத்தாரே, அப்புறம் இன்னா பிரயோஜனம்?" என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏன்? அவர் சொன்னது நடந்ததுதான்!

ஊசி போட்டும் சென்ற மழைக்காலத்தில் அப்பாவுக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதேன். டாக்டரிடம் சண்டையே போட்டேன். அவர் சொன்னார்: "நிமோனியாவுக்குக் கிருமி பல உண்டும்மா. இந்த ஊசி எல்லாத்தையும் தடுக்காது. மோசமான சிலதைத் தடுக்கும், ஆபத்தைக் குறைக்கும்."

"அப்போ எங்கப்பா பிழைச்சது ஊசியாலயா சார்?"

"ஒருத்தரை வெச்சு அதைச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான பேரைப் பார்த்துதான் சொல்றோம்."

ஆகவே அப்பா உங்களுக்கும் சாட்சியல்ல பாய், எனக்கும் சாட்சியல்ல!

அங்கே யாரோ, "அப்போ நீ தோத்துட்டே!" என்கிறீர்கள். இருங்கண்ணே, வர்றேன்.

தோலைத் தேய்க்கும் பஃபிங் மிஷினில் அப்பாவும் பாயும் எதிரெதிரே நின்று உழைப்பவர்கள். ஒரே தூசு, ஒரே இருமல், ஒரே சர்க்கரை! அன்று அப்பாவைத் தோளில் தாங்கி ஆட்டோவில் ஏற்றியவரும் இதே பாய்தான். ஊசி போடச் சொன்னால், "தூசு தின்னு பழகின நெஞ்சும்மா இது, ஒண்ணும் ஆவாது" என்கிறார். பழகிய நெஞ்சா அது? பாழான நெஞ்சல்லவா! இந்த மேடைப் படி ஏறுவதற்குள் நின்று நின்று மூச்சு வாங்கினாரே, நீங்கள் பார்க்கவில்லையா? நான் பார்த்தேன். பயந்துவிட்டேன்.

நடுவர் அவர்களே! தீர்ப்பை அவர் அணிக்கே கொடுங்கள். கோப்பையையும் கொடுங்கள். சந்தோஷமாகத் தோற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இதே மண்டபத்தில் தடுப்பூசி முகாம். அன்றைக்கு அவர் சட்டைக் கையை மடித்தால் எனக்குப் போதும்.

"இன்னாம்மா, மேடையில வெச்சுப் புடிச்சிட்டியே!" என்கிறார் பாய். வீட்டில் சொன்னால் கேட்கவில்லையே பாய்!

அதோ, அப்பா எழுந்து நிற்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.

"போட்டுக்கடா இஷ்தியாக். மிஷின்ல நிமிர்ந்து பார்த்தா எதிர்ல நீ இருக்கணும்டா."

பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் மூச்சு சீராக இருக்கட்டும். நன்றி, வணக்கம்.