ஆட்டுக்கு வெட்டின கல்லு

உள்ளிய உரிச்சுக்கிட்டே கேளுங்க. கண்ணுல தண்ணி வந்தா உள்ளியாலன்னு சொல்லிக்கிடலாம்.

எங்க அப்பாவப் பெத்த பாட்டாவே பொறக்காத காலம். சாலேம்விளைன்னு ஒரு ஊரு, சுத்தி செம்மண் தேரி. பனைய விட்டா உடமரம், உடமரத்த விட்டா பனை. ஊருக்கு நடுவுல ஓலைக்கூரை போட்ட வேதக்கோயில். குருவானவரு மாசத்துக்கு ஒருக்கா மாட்டுவண்டியில வருவாவ. வந்தா ஞானஸ்நானம் உண்டு, கல்யாணம் உண்டு. வராட்டா ஒண்ணும் இல்ல. மத்த நாளு ஜெபம் நடத்த உபதேசியாருதான்.

அந்த ஊருல ஒரு வருஷம் மழை பொய்ச்சுப் போச்சாம். மழை இல்லாத ஊருக்குள்ள வாந்திபேதி வந்துச்சாம். ஒரே நாள்ல ஆறு பேரப் புதைச்சாவன்னு சொல்லுவாவ. மாடெல்லாம் எலும்பும் தோலும். ஆடு? ஆடு ஒண்ணுகூட இல்ல. வித்ததும் போக, தின்னதும் போக, ஊருக்குள்ள ஒரு ஆட்டுப் புழுக்கைகூடக் கெடையாதாம். இத மனசுல வச்சுக்கிடுங்க.

அந்த வருஷம் ஒரே வாரத்துல ரெண்டு பொம்பளப் பிள்ள பொறந்துச்சு. ஒண்ணு கருப்பட்டி வியாபாரி மோசே வீட்டுல. இன்னொண்ணு பனையேறி யாக்கோபு வீட்டுல. யாக்கோபு பொண்டாட்டி பேரு அன்னப்பழம். அவளுக்கு அது தலைப்பிள்ள, அப்போ இருவது வயசு இருக்கும்.

மோசே பொண்டாட்டி, பிள்ளையப் பெத்த நாலாம் நாளு பேதியில போயிட்டா. பிள்ள பசியில கத்துது. மோசே அதத் துண்டுல பொதிஞ்சுக்கிட்டு அன்னப்பழம் வீட்டு நடையில போயி நின்னாராம். வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கலியாம். எப்படிக் கேக்க? அவளே அரைவயித்துக் கஞ்சி குடிக்கா. கையில ஒண்ணு கெடக்கு.

அன்னப்பழம் பாத்தா. "உள்ள கொண்டாங்கண்ணே"ன்னா. அவ்வளவுதான்.

ரெண்டு பிள்ளைக்கும் அவதான் பாலு குடுத்தா. ஒரு மாசம் குடுத்தா, ரெண்டு மாசம் குடுத்தா. பனங்கிழங்கத் தின்னுட்டு எத்தன நாளைக்குப் பாலு ஊறும்? மூணாவது மாசம் முடிஞ்சு அவ பிள்ள செத்துப் போச்சு. மோசே பிள்ள பொழச்சுக்கிட்டு.

பேதி ஊருன்னு நாலு மாசமா குருவானவரு வண்டி அந்தப் பக்கமே வரல. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைய கல்லறைத் தோட்டத்துக்குள்ள வைக்க மாட்டாவ அந்தக் காலத்துல. வேலிக்கு வெளிய, ஒரு உடமரத்துக்குக் கீழ வச்சாவ. வச்ச பத்தாம் நாளு குருவானவரு வந்தாவளாம். பாத்தியளா? பத்து நாளு. வந்து, உசுரோட இருந்த மோசே பிள்ளைக்குத் தண்ணி தெளிச்சு ஞானவடிவுன்னு பேரு வச்சாவ. அந்தப் பிள்ளையக் கையில ஏந்திக்கிட்டு நின்னது யாருங்கிய? அன்னப்பழம்தான்.

சரி. ஞானவடிவுக்கு நாலு வயசு. ஒரு நாளு அப்பாகிட்டக் கேட்டிருக்கா. "அப்பா, அம்மை இல்லாம நான் எப்படிப்பா வளந்தேன்?"

மோசே திகைச்சுப் போனாரு. ஒன்னாலதான் இன்னொரு பிள்ள செத்துச்சுன்னு நாலு வயசுப் பிள்ளைகிட்டச் சொல்ல முடியுமா? வாசல்ல ஒரு வெள்ளாடு மேஞ்சுக்கிட்டு நின்னுச்சாம். அப்போ மழை பெஞ்சு ஊருக்குள்ள ஆடு வந்துட்டு. அதப் பாத்தாரு, சொல்லிட்டாரு. "ஒரு ஆடு வந்துச்சு மக்கா. கர்த்தர் அனுப்புனாரு. அதுதான் ஒனக்குப் பாலு குடுத்துச்சு."

சொன்னவரு நேரே அன்னப்பழம் வீட்டுக்குப் போயி அழுதாராம். "தங்கச்சி, ஒரு பொய்யச் சொல்லிட்டேன்."

அவ கேட்டுட்டுச் சொன்னாளாம், "இருக்கட்டும்ணே. பிள்ளைக்குத் தெரியாண்டாம். அது சிரிச்சுக்கிட்டே வளரட்டும்."

அதோட ஊரே வாயக் கட்டிக்கிட்டு. ஒரு மனுசரு மூச்சு விடல.

நம்ம கோயில்ல பொறந்தநாளுக்கு எழும்பி நின்னு ஸ்தோத்திரம் சொல்லுற வழக்கம் அப்பவும் உண்டு. ஞானவடிவு வருஷா வருஷம் எழும்புவா. நல்ல கணீர்னு பேசுவா. எல்லாத்தையும் சொல்லிட்டு, கடைசியில ஆட்டுக்கு வருவா. அந்த ஆட்டுக்கு வருஷத்துக்கு வருஷம் அலங்காரம் கூடும். மொதல்ல சும்மா ஆடு. அப்புறம் வெள்ளை ஆடு. கல்யாணம் ஆன வருஷம் தேரிக்குள்ள இருந்து தானா வந்த வெள்ளை ஆடு. நாப்பது வயசுல அந்த ஆடு முட்டுப்போட்டுப் பாலு குடுத்துச்சு. அவ பொய் சொல்லல. அப்படி நம்புனா. அவ குடும்பத்துல ஆட்டுக்கறியே திங்க மாட்டாவ, தெரியுமா?

அவ சொல்லி முடிச்சதும் கோயிலே ஆமென்னும். பொம்பளைக பக்கத்துல, மூணாவது தூணுக்குக் கிட்ட முக்காடு போட்டு உக்காந்திருக்கிற அன்னப்பழமும் ஆமென்னுவா.

இப்படி அம்பத்தஞ்சு வருஷம் ஆமென் சொன்னா.

ஞானவடிவுக்கு அறுவது வந்துச்சு. பேரன் பேத்தி எடுத்தாச்சு. ஓலைக்கூரை போயி ஓட்டுக் கோயில் வந்தாச்சு. அவ மூத்த மவன் கொழும்புல கடை வச்சிருந்தான். அவன், "எங்கம்மைக்கு அறுவது. ஊருக்கே அசனச் சோறு போடணும். அந்த ஆட்டுக்கு ஒரு அடையாளம் வைக்கணும்"னு நின்னான். ஆட்டுச் செலை செய்யணும்னுதான் மொதல்ல கேட்டானாம். குருவானவரு, "கோயில்ல ஆட்டுச் செலையா, ஒனக்குக் கிறுக்கா"ன்னுட்டாவ. சரின்னு ஒரு கல்லுல எழுத்து வெட்டிக் கொண்டாந்து கோயில் வாசல்ல சாத்தி வச்சான். 'கர்த்தர் ஒரு ஆட்டை அனுப்பி ஞானவடிவைப் போஷித்தார்.' அம்புட்டுத்தான் எழுத்து.

அன்னப்பழத்துக்கு எம்பது வயசு. கண்ணு மங்கல், எழுத்தும் தெரியாது. கம்ப ஊனிக்கிட்டு வந்து கல்லத் தடவிப் பாத்துட்டு, உபதேசியார் பொண்டாட்டிகிட்டக் கேட்டாளாம். "என்னம்மா எழுதியிருக்கு?"

அவ வாசிச்சா.

"ஆட்டுக்கா?"ன்னு கேட்டா அன்னப்பழம்.

"ஆமா பாட்டி, ஆட்டுக்குத்தான்."

அப்படியே திரும்பிப் போயிட்டாளாம். அண்ணைக்கு அவ கஞ்சி குடிக்கலன்னு, அவளுக்குப் பின்னால பொறந்த மவன் பொண்டாட்டி சொல்லுவாளாம்.

பொறந்தநாளும் வந்துச்சு. கோயிலுக்குப் பின்னால அடுப்பு மூட்டிப் பருப்பும் கத்தரிக்காயும் வேகுது. ஆட்டுக்கறி இல்லாத அசனம் நம்ம பக்கத்துல அது ஒண்ணுதான். ஞானவடிவு வெள்ளைச் சேலை உடுத்து முன்னால வந்து நின்னா. அப்பாவச் சொன்னா. கெட்டுன மாப்பிள்ளையச் சொன்னா. பிழைச்ச அஞ்சு பிள்ளையையும் தவறிப்போன ஒண்ணையும் சொன்னா. கடைசியில, "ஒரு ஆட்ட அனுப்பி என்னக் காப்பாத்துன தேவனுக்கு"ன்னு கையத் தூக்குனா.

மூணாவது தூணுக்குக் கிட்ட அன்னப்பழம் எழும்பிட்டா.

"ஏட்டி வடிவு. நீ யாரு பாலக் குடிச்ச?"

ஞானவடிவு சிரிச்சா. "ஆட்டுப்பாலு அத்த. ஒங்களுக்குத் தெரியாததா?"

"எந்த ஆடு? யாரு வீட்டு ஆடு? எந்தத் தொழுவுல கெட்டியிருந்துச்சு?"

உபதேசியாரு ஓடி வந்தாராம். "ஆராதனை நடக்கும்மா, உக்காருங்க."

"அறுவது வருஷமா உக்காந்துதானய்யா இருக்கேன்"னா அன்னப்பழம்.

ஞானவடிவு சுத்திப் பாத்தா. வயசான ஆளுக அத்தன பேரும் தரையப் பாத்துக்கிட்டு இருக்காவ. ஒருத்தரும் தல நிமிரல. அப்போ அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. வாயால யாரும் சொல்லாண்டாம்.

மெதுவா எறங்கி வந்து, அன்னப்பழத்தப் பிடிச்சு உக்கார வச்சு, தானும் பக்கத்துல தரையில உக்காந்தா.

"அத்த, ஒங்க பாலா?"

"ஆமா மக்கா."

"அப்போ ஒங்க கையிலயும் பிள்ள இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஒனக்கு ரெண்டு நாளு மூப்பு. மூணு மாசமும் ஒம்பது நாளும் இருந்துச்சு."

"பேரு?"

"குருவானவருதான் வரலியே."

அன்னப்பழமே பேசுனா. "பாலு குடுத்தத நான் சொல்லிக்காட்டல மக்கா. மறைக்கச் சொன்னதும் நான்தான். நீ சிரிச்சுக்கிட்டு வளரட்டும்னு நெனச்சேன், வளந்துட்ட. ஆனா இல்லாத ஆட்டுக்கு ஊரு கல்லு வைக்கி. இருந்த எம்பிள்ளைக்கு ஒரு அடையாளம் இல்ல. நானும் செத்துட்டா, அப்படி ஒண்ணு பொறந்ததே யாருக்கும் தெரியாது. அது எனக்குப் பொறுக்கல."

குருவானவரு கிட்ட வந்தாவ. "ஸ்தோத்திரத்த முடிக்கலியேம்மா"ன்னு மெதுவாக் கேட்டாவ.

ஞானவடிவு அழுதா. "எப்படிய்யா முடிக்க? என்ன வச்சுக்கிட்டு இன்னொரு பிள்ளைய விட்டுட்டாரே. அதுக்கு நான் எந்த வாயால ஸ்தோத்திரம் சொல்ல?"

அன்னப்பழந்தான் அவ கண்ணத் தொடச்சு விட்டாளாம். "அவரு விடலட்டி. நான்தான் ஒன்ன மொதல்ல எடுத்தேன். ரெண்டும் அழும்போது, எம்பிள்ளைக்கு நான் இருக்கேன், இதுக்கு யாரு இருக்கான்னு ஒரு நெனப்பு வரும். மொதல்ல ஒன்ன எடுப்பேன். அதுக்கு வரும்போது பாலு இருக்காது. அடுத்த தடவ குடுத்துக்கிடலாம்னு நெனப்பேன். தெனமும் அப்படித்தான் நெனச்சேன். அந்த நெனப்ப எனக்குத் தந்தது யாருன்னு எத்தனையோ நாளு அவருகிட்டச் சண்டை போட்டிருக்கேன். ஒன்னப் பாத்தா சண்டை ஆறிப்போகும். நீ ஸ்தோத்திரம் சொல்லு. எம்பிள்ளையையும் சேத்துச் சொல்லு. அது போதும்."

ஞானவடிவு எழும்பல. உக்காந்த எடத்துலயே, அன்னப்பழம் கையப் பிடிச்சுக்கிட்டு, மறுபடியும் மொதல்ல இருந்து ஸ்தோத்திரம் பண்ணுனா. இந்தத் தடவ ஆடு இல்ல. அவ அழுகையில பாதி வார்த்தை யாருக்கும் கேக்கலன்னு சொல்லுவாவ. கேக்காமலே எல்லாரும் ஆமென் சொன்னாவளாம்.

அண்ணையில இருந்துதான் சாலேம்விளையில இந்த வழக்கம். பொறந்தநாளுக்கு எழும்பி நிக்கிற ஆளு, நான் உசுரோட இருக்க யாரு தன்னக் கொறச்சுக்கிட்டாவளோ அவிய பேர மொதல்ல சொல்லணும். அதுக்கப்புறந்தான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சொல்லலன்னா பொம்பளைக பக்கத்துல இருந்து யாராவது, "நீ யாரு பாலக் குடிச்ச?"ன்னு கேட்டுருவாவ. நாளைக்கு எம் பொறந்தநாளு, நானும் நிக்கணும். எழுவது வயசுவரைக்கும் கர்த்தர் கூட்டியாந்துட்டாரு. எங்க அக்கா எப்சிபா பேரச் சொல்லுவேன். எங்க அம்மை படுக்கையில விழுந்தப்போ, எனக்குக் கஞ்சி வடிச்சுக் குடுக்கணும்னு கல்யாணமே வேண்டாம்னுட்டா. அவ இப்போ இல்ல.

கல்லு என்னாச்சுன்னு கேக்கணும்லா? மறுநாளே ஞானவடிவு வண்டி கெட்டச் சொல்லி அத ஏத்திக்கிட்டுப் போயி, கல்லறைத் தோட்ட வேலிக்கு வெளிய, அந்த உடமரத்துக்குக் கீழ எறக்குனா. எழுத்து உள்ள பக்கம் மண்ணப் பாக்கும்படி கவுத்துப் போடச் சொல்லிட்டா. கல்தச்சன் உளியோட நிக்கான். "மேல என்னம்மா வெட்ட?"

அன்னப்பழம், "பேரில்லாத பிள்ளைக்கு என்னத்த வெட்ட"ன்னா.

"எம் பேர வெட்டுங்க"ன்னா ஞானவடிவு.

மவன் பதறிட்டானாம். "அம்மா, என்ன பேச்சு? உசுரோட இருக்கும்போது கல்லுல பேரா?"

"நான் குடிச்சது அதோட பாலு. எம் பேர அது வச்சுக்கிடட்டும்."

அன்னப்பழம் ரெண்டு வருஷம் இருந்தா. கடைசி நாளு வரைக்கும் ஞானவடிவுதான் போயிக் கரண்டியால கஞ்சி ஊட்டுவா. ஞானவடிவு எழுவத்தெட்டு வயசு வரைக்கும் இருந்தா. சாகும்போது பிள்ளைகளக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாளாம். "எனக்குப் பேரு வெட்டி வைக்காதிய. குடுத்தத திருப்பி எடுக்கக் கூடாது."

அந்தக் கல்லு இப்பவும் கெடக்கு. வேலியத் தள்ளிப் போட்டு அதையும் உள்ள சேத்தாச்சு. 'ஞானவடிவு, மூன்று மாதம்'னு இருக்கும். வெளியூருக்காரவ பாத்தா, பாவம், பச்சப்பிள்ளையில போச்சேன்னு உச்சுக் கொட்டிட்டுப் போவாவ. பேரக் குடுத்த ஞானவடிவு எனக்குப் பூட்டி. எங்க அப்பாவுக்கு ஆச்சி. அவள எந்த எடத்துல வச்சிருக்குன்னு கேட்டா, எங்க வீட்டுல ஒருத்தருக்கும் கைகாட்டத் தெரியாது.