கால் ஆடும் கதிரை

— முதலில அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வையுங்கோ, மாமா.

— கொஞ்சம் பொறுங்கோ, யாதவிப் பிள்ளை. இன்னும் ரெண்டு ஆணிதான்.

— இரவீந்திரன் மாமா, இது கண்காட்சி. ஃப்ரிபூர்க்கில இந்தக் கலரியில முதல்முதலா ஒரு தமிழ்ப் பிள்ளையின்ர வேலையை வைச்சிருக்கினம். நீங்கள் அதுக்குக் கீழ படுத்துக் கிடக்கிறியள்.

— உங்கட வேலையோ? மணவறையும் என்ர, கதிரையும் என்ர. ஆஸ்பத்திரிக் குசினி வேலையில சனி ஞாயிறு லீவு கேட்டுக் கேட்டு இருபத்திரண்டு வருசமா சுவிஸ் முழுக்கக் கொண்டு திரியிறன். பெரிசாகி, சாமத்திய வீட்டுச் சடங்குக்கு இதில இருந்த பிள்ளையள் பிறகு கலியாணத்துக்கும் இதிலதான் இருந்ததுகள்.

— கதிரை உங்கட. அதை வெறுமையா வைச்சது நான். அந்த வெறுமைதான் வேலை.

— ஓம், ஓம். வெறுமையா வைக்கிறதுக்கு ரெண்டு மாசம் எடுத்தது எண்டு சொன்னனியள்.

— நக்கல் அடிக்காதேங்கோ. இப்ப ஏன் கழட்டுறியள்?

— ஆர் கழட்டினது? இறுக்கிறன். சனிக்கிழமை பதினொரு மணிக்கு இதுக்கு ஒரு புக்கிங் இருக்கு.

— இந்தச் சனியோ? இல்லை, மாமா, நோன். சனி பதினொரு மணிக்குத்தான் ஜூரி வருகினம். ஒரு வருசத்துக்கு ஸ்டூடியோ குடுக்கிற ஜூரி. மூண்டாம் தரமாக் கேட்டிருக்கிறன். இந்த முறையும் இல்லையெண்டால் எனக்கு இதெல்லாம் காணும், முழுநேரமா வாறன் எண்டு முதியோர் இல்லத்தில சொல்லிப்போட்டன்.

— அதுவும் நல்ல வேலைதானே. மத்தியானச் சாப்பாடும் குடுப்பினம்.

— மாமா.

— சரி, சரி. பகிடிக்குச் சொன்னனான்.

— நான் கதிரையை மூண்டு மாசத்துக்கெண்டுதான் எடுத்தனான். கையெழுத்தும் போட்டம்.

— ஓம். அதில ஒருத்தரும் இருக்க மாட்டினம் எண்டும் சொன்னனியள். அதுதான் கால் ஆடுற பழசாப் பாத்துத் தந்தனான். நல்லதெல்லாம் கலியாணங்களுக்கு வேணும். இப்ப இது எண்பது கிலோ தாங்கவேணும்.

— எண்பது கிலோவோ? ஆர் அந்தப் பொம்பிளை?

— சீலை, நகை, சடைநாகம் எல்லாம் சேத்துச் சொல்லுறன். பொம்பிளையின்ர பாரத்தை நாங்கள் வெளியில கதைக்கிறேல்லை. அது தொழில் மரியாதை.

— அப்ப நல்ல கதிரை ஒண்டை அவைக்குக் குடுங்கோவன்.

— இந்தக் கதிரைதான் வேணுமாம்.

— வானை எங்க விட்டிருக்கிறியள்? முன்னால விட்டால் தண்டம் எழுதிப்போடுவாங்கள்.

— வான் கொண்டரேல்லை. ரெயினில வந்தனான்.

— ஷாஃப்ஹவுசனில இருந்து ரெயினிலயோ? அப்ப கதிரையை மடியில வைச்சோ கொண்டுபோகப்போறியள்?

— நட்டு இறுக்கிற அந்தச் சின்னச் சாவியை எடுத்துத் தாங்கோ, பிள்ளை.

— கதைய மாத்தாதேங்கோ. கதிரை எங்கயும் போகேல்லை. புக்கிங் இங்கதான், என்ன?

— நான் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவ.

— ஆர் வாங்கினது?

— வேற ஆர். சிவகலா. உங்கட அம்மா.

— அம்மாவோ? திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டன், இடுப்பு நோகுது எண்டவ. இந்தப் பக்கமே வரேல்லை.

— போன புதன் தனிய வந்து ஒரு மணித்தியாலம் இதில நிண்டவ. சுவரில நீங்கள் ஒட்டினதை வாசிச்சிட்டு இங்க இருந்துதான் எனக்கு ஃபோன் எடுத்தவ.

— ஒரு மணித்தியாலமோ? அது ஒரே ஒரு வரி.

— பிரெஞ்சில எழுதினால் எங்கட ஆக்களுக்கு அவ்வளவு நேரம் போகும். அப்பிடி என்ன எழுதினனியள்?

— பதின்மூண்டு வயசில நான் இருக்க மறுத்த கதிரை எண்டு. வகுப்பில பெடியள் சிரிப்பாங்கள் எண்டு அழுதுபோட்டுக் கட்டிலுக்குக் கீழ போய்ப் படுத்தனான். அம்மா என்ர சாமத்திய வீட்டுக்குக் கூப்பிட்ட இருநூறு பேருக்கு ஃபோன் எடுத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு சொன்னவ.

— எனக்கும் காய்ச்சல் எண்டுதான் சொன்னவ. வானில எல்லாம் ஏத்திப்போட்டு நிண்டனான். இதே கதிரைதான்.

— இப்ப எனக்கு விளங்குது. இதைப் பாத்திட்டு, பிள்ளை பதினாலு வருசமா இந்தக் கதிரைக்கு ஏங்கியிருக்கு எண்டு நினைச்சிட்டா. இருபத்தேழு வயசில எனக்குச் சாமத்திய வீடு. அதுவும் ஜூரிக்கு முன்னால.

— சின்னனாத்தான். அறுபது பேர்.

— கலரிக்காரர் விட மாட்டினம்.

— அவையிட்டக் கேட்டாச்சு. உங்களுக்குச் சொல்லாமல் செய்யப்போறம் எண்டு அம்மா சொல்ல, அவைக்கு ஒரே சந்தோசம். சனம் பங்கெடுக்கிறது நல்லதாம். சாப்பிட எத்தினை ரோல்ஸ் வரும் எண்டும் விசாரிச்சவை.

— மாமா, அதில ஆராவது இருந்தால் என்ர வேலை முடிஞ்சுது. ஜூரி வாறது வெறுங்கதிரையைப் பாக்க. அம்மாவுக்கு ஏன் இந்தக் கதிரையில இவ்வளவு பைத்தியம்?

— உங்களுக்குச் சொல்லேல்லையோ?

— என்னத்தை?

— ஊருக்கு இந்தியன் ஆமி வந்த வருசம்தான் அவ பெரிசானவ. இடம்பெயர்ந்துபோய்க் கோயில் மண்டபத்தில முந்நூறு சனத்தோட இருக்கேக்க. ஆரோ ஒரு மனுசி சீலையால மறைச்சுப் பிடிக்க, ஒரு வாளித் தண்ணி வாத்து மூலையில இருத்தினதாம். அவ்வளவுதான் சடங்கு. கோயிலுக்குள்ள இருந்தும் ஒரு பூ இல்லையாம்.

— துடைக்க ஏதும் இருந்தால் தாங்கோ, மாமா.

— அழுறியளோ?

— எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை, மாமா. நான் கட்டிலுக்குக் கீழ கிடக்கேக்க கூடச் சொல்லேல்லை.

— சொல்லியிருந்தால் நீங்கள் பாவம் பாத்து வந்து இருந்திருப்பியள். அது அவவுக்கு விருப்பமில்லை.

— எனக்குத் தெரிஞ்சிருந்தால் நல்லா இருந்திருக்கும். அம்மா அண்டைக்கு ஃபோனில காய்ச்சல், காய்ச்சல் எண்டு சொல்லச் சொல்ல, நான் கீழ கிடந்து சந்தோசப்பட்டனான்.

— பதின்மூண்டு வயசுப் பிள்ளை வேற என்ன செய்யும்? மூக்கைத் துடையுங்கோ.

— சரி. ஜூரி பாத்தால் பாக்கட்டும். இல்லையெண்டால் முதியோர் இல்லம் இருக்குத்தானே. நான் இருக்கிறன். அம்மாட்டச் சொல்லுங்கோ, சிவப்புச் சீலை எண்டால் உடுப்பன், சடைநாகம் மட்டும் வேண்டாம். நீங்களும் காலை உவ்வளவு இறுக்கத் தேவையில்லை. நான் ஐம்பத்திரண்டு கிலோதான்.

— பிள்ளை.

— என்ன?

— உங்களை இருக்கச் சொல்லி ஆர் கேட்டது?

— நீங்கள்தானே இவ்வளவு நேரமும்…

— மணவறைக்கு மேல கொழுவுற பேர்ப்பலகை அந்த பேக்குக்குள்ள கிடக்கு. எடுத்து வாசியுங்கோ.

— மினுங்கல் எல்லாம் ஒட்டியிருக்கிறியள். 'சிவ…' மாமா, 'சிவகலா' எண்டு கிடக்கு.

— அதுதான் எண்பது கிலோ எண்டனான். நீங்கள் பக்கத்தில நிண்டு பூத்தட்டைப் பிடிச்சால் போதுமாம்.