ஒரே ஒரு கங்கை

செஞ்சியின் பழைய தபால் நிலையத்தில் ஸ்டாம்பு வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற யாரும் தபாலுக்காக வந்தவர்கள் இல்லை. பாதிப் பேர் ஆதார் திருத்த வந்திருந்தார்கள். முதலில் நின்ற வேட்டிக்காரர் கவுண்டர் பெண்ணிடம் கேட்டார்:

"கங்கை ஒண்ணு குடும்மா."

அந்தப் பெண் தபால் துறை விற்கும் கங்கை நீர் பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தார். பின்னாலிருந்து ஒரு சட்டைக்காரர் குரல் கொடுத்தார்.

"எனக்கும் ஒண்ணும்மா."

"இதான் கடைசி. அடுத்த வாரம் வாங்க."

"அதுவரைக்கும் நைனா தாங்காதும்மா. இழுத்துக்கினு கெடக்குது. கடைசியா வாயில ஊத்தணும்."

வேட்டிக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. "அதே நைனாவுக்குத்தாம்மா நானும் கேட்டேன்."

"ஒரே அப்பாவா? அப்ப ஒரு பாட்டில் போதாதா?"

வரிசையில் நின்ற ஒரு அம்மாள் சொன்னார்: "அண்ணன் தம்பிம்மா. நெலத்தப் பாகம் பிரிச்சதிலேர்ந்து பேச்சு கெடையாது. எங்க ஊரு தொண்டூருக்கே தெரியும்."

அண்ணன் பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய் நின்றார். கவுண்டரைப் பார்த்துத்தான் பேசினார்.

"நான் பைக்கில வந்துகிறேன். பின்னாடி சீட்டு காலியா இருக்குதுன்னு சொல்லும்மா."

தம்பியும் வரிசையை விட்டு விலகி, அந்தப் பெண்ணிடமே சொன்னார்:

"பாட்டில நான் புடிச்சிக்கிறேன்னு சொல்லும்மா."